புதுப்பித்த பழைய மோட்டோகிராஸ் வண்டியை விற்பது: முதல்முறை விற்பவர்களுக்கு

பழைய மோட்டோகிராஸ் வண்டி (மண் மேடுகளில் பந்தயம் ஓட்டும் பைக்) ஒன்றை முழுதாகப் பிரித்து, துரு எடுத்து, இன்ஜினைத் திறந்து, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டி ஓடவைத்துவிட்டீர்கள். இப்போது அதை விற்க வேண்டும். சாதாரண செகண்ட் ஹேண்ட் பைக் விற்ற அனுபவம் இங்கே பாதிக்குத்தான் உதவும். ரோட்டில் ஓடும் வண்டி என்றால் வாங்குபவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார், பதிவுச் சான்றைப் பார்ப்பார், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். மோட்டோகிராஸ் வண்டியில் பெரும்பாலும் மீட்டரே இருக்காது. பல வண்டிகள் ரோட்டுக்கென்று பதிவானதே இல்லை. மேட்டிலிருந்து பறந்து விழுவதற்கென்றே செய்த வண்டி என்பதால் சேசிஸில் விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருக்கலாம். செயின் அறுந்து அடித்ததில் இன்ஜின் கேஸ் உடைந்து ஒட்டியிருக்கலாம். புதுப் பெயின்ட் இவை எல்லாவற்றையும் மூடிவிடும்.

விவரம் தெரிந்தவர் பளபளப்பைக் கண்டு மயங்க மாட்டார். பளபளப்பு கூடக் கூட, அடியில் என்ன இருக்கிறதோ என்ற சந்தேகமும் அவருக்குக் கூடும். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் ஆதாரம் உங்களிடம் இருந்தால் வண்டி நல்ல விலைக்குப் போகும். இல்லாவிட்டால், எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும் பேரத்தில் அடிபடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஆதாரத்தைப் பற்றித்தான்.

1. உங்களிடம் இருப்பது என்ன வண்டி?

"எழுபதுகளின் ஹோண்டா" என்று விளம்பரம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தயாரிப்பாளர், மாடல் பெயர், மாடல் ஆண்டு மூன்றும் சரியாகத் தெரிய வேண்டும். இந்த வண்டிகளில் ஒரே ஒரு ஆண்டு வித்தியாசம்கூடப் பெரிய வித்தியாசம். 1973-ல் வந்த ஹோண்டா சிஆர்250எம் எல்சினோர், அந்த நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி. அந்த முதல் வரிசைக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. யமஹாவில் பின்பக்கம் ஒற்றை ஷாக் வைத்த ஒய்இசட் மாடல் 1975-ல் கடைக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1973-ல், ஹோகன் ஆண்டர்சன் என்ற பந்தய வீரர் அதே ஏற்பாடு கொண்ட போட்டி வண்டியில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றுவிட்டார். ஜெர்மன் தயாரிப்பான மைக்கோவின் 1981 மாடல் 490-ஐத் தேடுபவரிடம் அதற்கு முந்தைய ஆண்டு வண்டியைக் காட்டினால் அவர் வேண்டாம் என்று போய்விடுவார்.

மாடல் ஆண்டும் தயாரித்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டின் கடைசியில் தயாரான வண்டி அடுத்த ஆண்டு மாடலாக விற்கப்படும். அதனால் சேசிஸ் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் பழைய உதிரிபாகப் பட்டியலோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். 17 இலக்கத்தில் ஒரே ஒழுங்கான எண் அமெரிக்காவில் 1981 மாடல்களிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு முறை.

அடுத்து, இந்த வண்டி எந்தப் போட்டி வகுப்பில் ஓடத் தகுதியானது என்று பாருங்கள். பழைய வண்டிப் போட்டிகளில் 1965-க்கு முந்தையவை, பின்னால் இரட்டை ஷாக் கொண்டவை, எவோ என்றெல்லாம் வகுப்புகள் உண்டு. எவோ என்றால் பொதுவாகக் காற்றில் குளிரும் இன்ஜின், டிரம் பிரேக், பின் சஸ்பென்ஷனில் லிங்கேஜ் (ஷாக்கை இணைக்கும் நெம்புத் தண்டுகள்) இல்லாத அமைப்பு. பழைய வண்டிப் போட்டிகளை நடத்தும் அமெரிக்காவின் ஏஎச்ஆர்எம்ஏ அமைப்பு தன் பழைய வகுப்புகளில் முன் சஸ்பென்ஷனுக்கு 7 அங்குலம், பின்னுக்கு 4 அங்குலம் என்று அசைவுக்கு வரம்பே வைத்திருக்கிறது. ஓட்டத்தான் வாங்குகிறேன் என்பவருக்கு இது முதல் கேள்வி. அவர் கேட்கும் முன்பே விளம்பரத்தில் பதில் இருக்கட்டும்.

வாங்குபவர்கள் இரண்டு வகை என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சேகரிப்பாளர்: போல்ட் தலையில் உள்ள குறி வரை கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பார். இன்னொருவர் ஓட்டுபவர்: கிரான்க் புதுசா, ஷாக் வேலை செய்கிறதா, உதிரிபாகம் கிடைக்குமா என்பார். கைப்பிடி ரப்பரிலிருந்து ஸ்டெயின்லெஸ் போல்ட் வரை புதிதாக மாற்றிய வண்டியை முதலாமவருக்கு விற்க முயல்வது வீண். கம்பெனி பிஸ்டனும் பழைய டயரும் அப்படியே இருக்கிற அபூர்வ வண்டியை இரண்டாமவர் கையில் கொடுத்தால் வண்டிக்கு நல்லதில்லை. உங்கள் வண்டி யாருக்கானது என்று முடிவு செய்துவிட்டால், மற்ற முடிவுகள் பாதி தானாக வந்துவிடும்.

2. எண்களும் காகிதமும்

சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பவுடர் கோட்டிங் கனமாக இருந்தால் எண் பள்ளம் நிரம்பி மங்கிப் போயிருக்கும். அதைக் கம்பி வைத்துச் சுரண்டவோ ஆழப்படுத்தவோ கூடாது. எண்ணைத் தொட்ட அடையாளம் கொஞ்சம் தெரிந்தாலும் திருட்டு வண்டியோ என்ற கேள்வி வரும். பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு மெதுவாக எடுத்தால் போதும்.

இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா வண்டிக்கும் அப்படி இல்லை. ஹோண்டா போன்றவர்கள் சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் தனித்தனி வரிசை வைத்திருந்தார்கள். வேறு சிலர் ஒரே எண்ணை இரண்டிலும் அடித்தார்கள். உங்கள் மாடலுக்கு எது வழக்கம் என்று தெரிந்துகொண்டு விளம்பரத்தில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் வாங்க வருபவர் "எண் சேரவில்லையே" என்று விலையைக் குறைப்பார்.

திருட்டு வண்டிப் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறதா என்று விளம்பரத்துக்கு முன்பே சரிபாருங்கள். நீங்கள் நல்லபடியாக வாங்கியிருந்தாலும், உங்களுக்கு முன்னால் மூன்று பேர் கை மாறியிருக்கலாம். பதிவுச் சான்று இல்லாத வண்டிக்கு முந்தைய உரிமையாளர்கள் கொடுத்த விற்பனைச் சீட்டுகள்தான் ஆதாரம். உங்களுக்கு விற்றவரிடம் சீட்டு வாங்காமல் விட்டிருந்தால், அவரைத் தேடிப் பிடித்து இப்போதாவது எழுதி வாங்குங்கள்.

3. செய்த வேலையை எழுதி வையுங்கள்

இதற்கு மட்டும் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். ஒரு புதுப்பித்தலின் மதிப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பெயின்டுக்கு முன் வெறும் சேசிஸை எடுத்த படம் உங்களிடம் இருந்தால், அது கடைசியாக எடுத்த அழகான படத்தைவிடப் பெரிய சொத்து. ஹேண்டில் கழுத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பூட்டும் இடம், ஃபுட்ரெஸ்ட் வெல்டிங், மேல் ஷாக் பூட்டும் இடம் ஆகியவைதான் விரிசல் விடும் இடங்கள். அந்த இடங்கள் சுத்தமாக இருந்தன என்று காட்டும் படம் எந்த வர்ணனையும் இல்லாமல் பேசும். விரிசல் இருந்து வெல்டிங் செய்தீர்கள் என்றால் அந்தப் படத்தையும் காட்டுங்கள். நன்றாகச் செய்த வெல்டிங்கை ஏற்றுக்கொள்பவர்கள் நிறைய. மறைத்த வெல்டிங்கை யாரும் ஏற்க மாட்டார்கள்.

பிறகு இன்ஜின். டூ-ஸ்ட்ரோக் என்றால் எழுத வேண்டியவை இவை: சிலிண்டர் இப்போது எந்த அளவு போரில் (துளையைக் கடைந்து பெரிதாக்கிய அளவில்) இருக்கிறது, இன்னும் எத்தனை முறை போர் செய்ய இடம் இருக்கிறது, பிஸ்டன் எந்தத் தயாரிப்பு, கிரான்க் பிரித்துக் கனெக்டிங் ராடு மாற்றினீர்களா, மெயின் பேரிங், கிரான்க் ஆயில் சீல் புதுசா, கியர் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா. பழைய சிலிண்டர்கள் பலவற்றில் இரும்பு ஸ்லீவ் (உள்குழாய்) இருக்கும்; ஒவ்வொரு முறை போர் செய்யும்போதும் அதற்கு 0.25 மி.மீ. கணக்கில் ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டன் ஏறிக்கொண்டே போகும். முதல் ஓவர்சைஸில் இருக்கும் வண்டிக்கும் கடைசி ஓவர்சைஸில் இருக்கும் வண்டிக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம். முலாம் பூசிய சிலிண்டர் என்றால் போர் செய்ய முடியாது. மறுபடி முலாம் பூச வேண்டும் அல்லது ஸ்லீவ் இறக்க வேண்டும். எது என்று சொல்லுங்கள்.

கார்புரேட்டரில் இப்போது போட்டிருக்கும் ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளைப் பாகம்) எண், பெட்ரோலில் கலக்கும் ஆயில் விகிதம், எந்த வகை ஆயில், இக்னிஷன் பழைய பாயின்ட் செட்டா அல்லது பின்னால் வந்த எலக்ட்ரானிக் செட்டா, டைமிங் எவ்வளவு வைத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். வாங்கியவர் முதல் வாரத்தில் கேட்கப்போகும் கேள்விகள் இவைதான். அதோடு, இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்கிற விற்பனையாளர்தான் அந்த இன்ஜினை உண்மையில் திறந்தவர் என்று அனுபவசாலிகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

கடைசியாக, எந்தப் பாகம் எந்த வகை என்று பட்டியல் போடுங்கள். நான்கு வகையாகப் பிரிப்பது நல்லது: வண்டியோடு வந்த ஒரிஜினல் பாகம், அந்தக் காலத்திலேயே தயாராகி விற்காமல் பெட்டியில் கிடந்த கம்பெனிப் பாகம், இன்று புதிதாகச் செய்யும் மறுதயாரிப்பு, அந்தக் காலத்தில் பிற நிறுவனங்கள் செய்த மேம்பாட்டுப் பாகம். நான்காவது வகையைக் குறைவாக நினைக்காதீர்கள். எழுபதுகளில் போட்டியாளர்கள் ஆசையாக வாங்கிப் பூட்டிய ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஏர்ஷாக்ஸ் (காற்று நிரப்பும் ஷாக்), 'பிரஸ்டன் பெட்டி' என்ற பெயரில் வந்த பிளாஸ்டிக் மட்கார்டு போன்றவை இன்று தேடப்படும் பொருள்கள். அந்தக் காலப் பாகம் பூட்டிய வண்டி அந்தக் காலப் போட்டி வண்டியாகவே பார்க்கப்படும். கழற்றிய கம்பெனிப் பாகமும் உங்களிடம் இருந்தால் வண்டியோடு சேர்த்தே கொடுங்கள்.

ஆனால் மறுதயாரிப்பு பிளாஸ்டிக்கையும் டேங்க் ஸ்டிக்கரையும் ஒரிஜினல் என்று சொல்லாதீர்கள். அவற்றின் அச்சு, நிறம், விளிம்பு எல்லாம் கொஞ்சம் மாறியிருக்கும். பத்து வண்டி பார்த்தவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். ஒரு பொய் பிடிபட்டால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் அதோடு போய்விடும்.

இந்தப் படங்கள் எதுவுமே எடுக்கவில்லையே என்றால்? டேங்கையும் சீட்டையும் கழற்றி, சேசிஸின் உள்பக்கத்தை இப்போது எடுங்கள். சைலன்சரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வழியாகப் பிஸ்டன் தெரியும், படம் எடுங்கள். பிளக் துளை வழியாக விடும் சிறு கேமரா இருந்தால் சிலிண்டர் சுவரையும் காட்டலாம். பாகம் வாங்கிய ரசீதுகள், போர் செய்த பட்டறையின் பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள்.

4. விற்கும் முன் வண்டியைச் சோதியுங்கள்

புதுப்பித்து முடித்துச் சில ஆண்டு சும்மா நின்ற வண்டியைப் புது வண்டி என்று நம்பாதீர்கள். ஆயில் சீல் காய்ந்திருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் கெட்டியாகி ஜெட்டை அடைத்திருக்கும். டயர் வெடிப்பு விட்டிருக்கும். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோலில் ஓட்டிய பிறகே விளம்பரம்.

பைபர்கிளாஸ் டேங்க் வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புல்டாக்கோ, மான்டெசா, ஓசா போன்ற ஸ்பெயின் வண்டிகளில் இந்த வகை டேங்க் நிறைய. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரெசினைக் கரைத்துவிடும்; டேங்க் மெதுமெதுவாக இளகிக் கசியும், கரைந்த பிசின் கார்புரேட்டருக்குப் போகும். உள்ளே எத்தனாலைத் தாங்கும் பூச்சு அடித்திருந்தால் எழுதுங்கள். அடிக்கவில்லை என்றால் டேங்கைக் காலியாக வைத்துவிட்டு அதையும் எழுதுங்கள்.

கிரான்க் கேஸ் கசிவுச் சோதனையை யாரும் செய்வதில்லை, ஆனால் இதைவிட நல்ல சான்று வேறு இல்லை. கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சில நிமிடம் கேஜ் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சீல், கேஸ்கெட் எல்லாம் சரி. டூ-ஸ்ட்ரோக்கில் வெளிக்காற்று உள்ளே நுழைந்தால் கலவை வறண்டு பிஸ்டன் பிடித்துவிடும் என்பது தெரிந்த விஷயம். அந்த பயத்தை இந்த ஒரு வீடியோ போக்கிவிடும்.

ஸ்போக் இறுக்கம், ஸ்டீயரிங் பேரிங், ஸ்விங் ஆர்ம் ஆட்டம், செயின், பிரேக் ஷூ, கேபிள்கள் எல்லாம் ஒரு நாள் வேலை. செய்துவிடுங்கள்.

ஆனால் விற்கப்போகும் நேரத்தில் புதிதாகச் செலவு செய்யாதீர்கள். நன்றாக இருக்கும் பழைய சீட் கவரை மாற்றுவது, கேஸைப் பஃப் போட்டுக் கண்ணாடி ஆக்குவது, குரோம் இல்லாத இடத்தில் குரோம் பூசுவது எல்லாம் விலையைக் கூட்டாது. பல நேரம் குறைக்கும். மெக்னீசியம் கேஸ் உள்ள வண்டிகளில், மைக்கோவைப் போல, ஈரம் தங்கினால் உலோகம் அரித்துவிடும். கழுவினால் உடனே காயவைத்து ஆயில் துணியால் துடையுங்கள்.

5. விலை

உங்கள் செலவுக் கணக்கை வைத்து விலை போட வேண்டாம். பாகத்துக்கும் பெயின்டுக்கும் பட்டறைக்கும் போட்ட பணத்தைக் கூட்டினால், அநேகமாக எந்த வண்டியிலும் சந்தை விலையைத் தாண்டிவிடும். உங்கள் உழைப்பு அதில் சேரவே சேராது. வருத்தமான விஷயம்தான். ஆனால் வாங்குபவருக்கு உங்கள் ரசீது தரத்துக்கான சான்று மட்டுமே, விலைக்கான காரணம் ஆகாது.

அதே மாடல், அதே ஆண்டு வண்டிகள் உண்மையில் என்ன விலைக்கு விற்றன என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் வண்டியின் விலைதான் நம் கண்ணில் அடிக்கடி படும், அதை நம்பி ஏமாறாதீர்கள். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுவதுண்டு. அதில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு உங்கள் வண்டியை அந்த வண்டிகளோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரிஜினல் டேங்க், ஒரிஜினல் சைலன்சர், சரியான கார்புரேட்டர், சரியான ரிம் இந்த நான்கும் விலையை அதிகம் அசைக்கும். இவை கிடைப்பது கஷ்டம் என்பதுதான் காரணம். சிஆர்250எம் வண்டியின் அலுமினிய டேங்க் நசுங்காமல் இருப்பதே பெரிய விஷயம்.

பேரத்துக்குக் கொஞ்சம் இடம் வைத்து விலை போடுங்கள், நிறைய வேண்டாம். குறைந்தபட்சம் எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள் என்பதை விளம்பரம் போடும் முன்பே காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். முதல் பேரத்தின் சூட்டில் அதை முடிவு செய்ய முயன்றால் கை தவறிவிடும்.

6. படமும் வீடியோவும்

மோட்டோகிராஸ் வண்டிக்குப் பக்க ஸ்டாண்டு பெரும்பாலும் கிடையாது. சுவரில் சாய்த்து எடுத்தால் படம் பாழ். இன்ஜினுக்கு அடியில் வைக்கும் பெட்டி ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். பின்னணி வெறுமையாக இருக்கட்டும். வெயில் நேராக விழாத வெளிச்சம் நல்லது. நண்பகலில் டேங்க் மட்டும் மின்னும், இன்ஜின் இருட்டாகப் போய்விடும். கேமராவைச் சக்கரத்தின் நடுப்பகுதி உயரத்துக்கு இறக்கி, கொஞ்சம் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். நின்ற இடத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் முன்சக்கரம் பெரிதாகவும் பின்பக்கம் சின்னதாகவும் தெரிந்து வண்டியின் உருவமே கெட்டுவிடும்.

இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், மேலிருந்து ஒன்று. இன்ஜின் இரு பக்கமும். சேசிஸ் அடிப்பக்கம், செயின் பக்கம், இரண்டு ஹப், ரிம்மில் அடித்திருக்கும் பெயர், கார்புரேட்டர், லீவர்கள், ஃபோர்க் குழாய், டேங்கின் உள்பக்கம். குறைகளைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள்: சைலன்சர் நசுங்கல், ஃபின் உடைந்தது, பெயின்ட் உரிந்தது. குறையைக் காட்டும் படத்தால் ஆளை இழப்போம் என்று பயம் வரும். ஆனால் நேரில் பார்க்காமல் தூரத்திலிருந்தே வாங்குபவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மற்ற படங்களையும் நம்புகிறார்கள்.

எண்கள் உள்ள படத்தில் கடைசி இலக்கங்களை மறைத்துப் போடுங்கள். முழு எண்ணைப் பொதுவில் விட்டால் உங்கள் வண்டியின் அடையாளத்தை வேறொருவர் தன் வண்டிக்குப் பயன்படுத்தும் ஆபத்து உண்டு. உண்மையாகவே வாங்க நினைப்பவருக்குத் தனியாகக் கொடுங்கள்.

வீடியோவை வெட்டாமல் எடுக்க வேண்டும். முதலில் வெறும் கையை சிலிண்டரில் வைத்து இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று காட்டுங்கள். பெட்ரோல் டேப் திறப்பது, சோக், கிக் எல்லாம் ஒரே தொடராக. இரண்டு மூன்று கிக் ஆனால் ஆகட்டும், வெட்ட வேண்டாம். சூடான இன்ஜினை ஒரே கிக்கில் எடுப்பதைக் காட்டும் வீடியோவுக்கு அனுபவசாலிகளிடம் மதிப்பே இல்லை.

7. விளம்பரத்தில் எழுதுவது

"அருமையான கண்டிஷன், பார்த்தால் விடமாட்டீர்கள்" போன்ற வரிகள் எல்லா விளம்பரத்திலும் இருக்கின்றன, யாரும் படிப்பதில்லை. உண்மையை வரிசையாக எழுதுங்கள். ஒரு மாதிரி:

"1974 மாடல் ஹோண்டா சிஆர்125எம். சேசிஸ், இன்ஜின் எண்கள் தெளிவாக உள்ளன. இந்த மாடலில் இரண்டும் வேறுவேறாகவே வரும். ரோடு பதிவு கிடையாது. முந்தைய இருவரின் விற்பனைச் சீட்டு உள்ளது. சேசிஸ் வெறுமையாக்கிப் பெயின்ட் அடித்தது, வெல்டிங் இல்லை, படம் உண்டு. இன்ஜின் முழுதாகப் பிரித்தது: புது ராடு, மெயின் பேரிங், சீல்கள், சிலிண்டர் 0.50 மி.மீ. ஓவர்சைஸ். டேங்க் ஒரிஜினல், மறுபடி பெயின்ட் அடித்தது. மட்கார்டும் சீட் கவரும் மறுதயாரிப்பு. குறைகள்: சைலன்சர் அடியில் சின்ன நசுங்கல்; பின் ஹப்பில் பழைய கீறல். புதுப்பித்த பின் போட்டியில் ஓட்டவில்லை."

இவ்வளவுதான். இதைப் படிப்பவருக்குக் கேட்க இரண்டு மூன்று கேள்விகள்தான் மிச்சம் இருக்கும், அவையும் உருப்படியான கேள்விகளாக இருக்கும். "இது பிரபல ஓட்டுநர் ஓட்டிய வண்டி", "கம்பெனி டீம் வண்டி" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், காகித ஆதாரம் இல்லாமல் அதை எழுதவே எழுதாதீர்கள்.

8. எங்கே விற்பது

பழைய வண்டிப் போட்டிகளும் அங்கே நடக்கும் உதிரிபாகச் சந்தைகளும்தான் என் கணக்கில் முதல் இடம். வருபவர்கள் எல்லாரும் இந்த வண்டிகளைத் தெரிந்தவர்கள், வண்டியை நேரில் தொட்டுப் பார்க்கலாம். அந்தந்த மாடலுக்கான கிளப்புகள் அடுத்தது. அபூர்வமான, ஆதாரம் முழுமையாக உள்ள வண்டி என்றால் ஏலம் நல்லது. கமிஷனையும், குறைந்தபட்ச விலை வைக்க அனுமதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான பைக் விளம்பரங்களில் கூட்டம் வரும், வாங்குபவர் குறைவு. போட்டிப் பருவம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் விளம்பரம் போட்டால் ஓட்டுபவர்கள் கண்ணில் படும்.

9. பார்க்க வரும்போது

வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்காதீர்கள். அவர் கண்முன்னால் குளிர்ந்த இன்ஜினை எடுங்கள். ஃபைலை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர் கேட்காததற்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், தனியார் இடத்தில் மட்டும். முழுப் பணமும் உங்கள் கையில் இருக்க வேண்டும், அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டும் பூட்ஸும் இல்லாமல் ஏற விடாதீர்கள். ஏறும் முன் லீவர்களைக் காட்டிச் சொல்லுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் சில ஸ்பெயின் வண்டிகளிலும் கியர் வலப்பக்கம், பின் பிரேக் இடப்பக்கம். ஹஸ்க்வர்னா, மைக்கோ போன்றவற்றில் கிக்கர் இடப்பக்கம். இன்றைய வண்டிக்குப் பழகிய கால், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடும். டிரம் பிரேக் டிஸ்க் பிரேக்கைப் போல உடனே பிடிக்காது என்பதையும் சொல்லுங்கள்.

பேரத்தில் அவர் ஒரு குறையைக் காட்டி விலை குறைக்கச் சொன்னால், அது நீங்கள் விளம்பரத்திலேயே எழுதிய குறை என்றால் விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று அமைதியாகச் சொல்லலாம். நீங்கள் கவனிக்காத புதுக் குறை என்றால் நியாயமாகக் குறையுங்கள்.

10. பணம்

வண்டியைப் பார்க்காமலே முழு விலைக்கு ஒப்புக்கொண்டு, "என் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்று அவசரப்படுத்துபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மீதியை லாரிக்காரருக்கு அனுப்பச் சொல்வது பழைய மோசடி. நீங்கள் அனுப்பிய பணம் போன பிறகு காசோலை திரும்பி வரும். வங்கிக் கணக்கில் பணம் உறுதியாக ஏறிவிட்டது என்று வங்கியிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும். ஸ்கிரீன்ஷாட் ஆதாரமாகாது. அட்வான்ஸ் வாங்கினால், எத்தனை நாளுக்குள் மீதி, வராவிட்டால் என்ன என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பனைச் சீட்டு இரண்டு பிரதி: தேதி, இருவர் பெயரும் முகவரியும், மாடல், இரண்டு எண்கள், தொகை, "இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது, போட்டி உபயோகத்துக்கு மட்டும்" என்ற வரி, இருவர் கையெழுத்து.

11. அனுப்புவதும் ஒப்படைப்பதும்

தூர ஊருக்கு அனுப்பினால் டேங்க், கார்புரேட்டர் இரண்டிலும் பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். கயிறோ பெல்ட்டோ போட்டு இழுத்துக் கட்டும்போது, முன் டயருக்கும் அதற்கு நேர் மேலே ஃபோர்க் பூட்டியிருக்கும் கிளாம்புக்கும் நடுவே கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க் முழுக்க அமுங்கி, பல நாள் பயணத்தில் சீல் கசியும். பெல்ட் டேங்கிலோ சைலன்சரிலோ உரசக் கூடாது.

வெளிநாட்டுக்கு என்றால் மரப்பெட்டி ஐஎஸ்பிஎம் 15 முத்திரை உள்ள, பூச்சி போகப் பதப்படுத்திய மரமாக இருக்க வேண்டும். சாதாரணப் பலகை என்றால் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். வண்டியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. பழைய பிரேக் ஷூவிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆஸ்திரேலியா அது கலந்த பொருள் எதையும் உள்ளே விடாது. அந்தப் பாகங்களை எப்போது, எதற்கு மாற்றினீர்கள் என்ற ரசீதை ஆவணங்களோடு வையுங்கள். நீங்கள் மாற்றவில்லை என்றால் அனுப்பும் முன்பே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

வண்டியோடு ஒரு தாள் எழுதி டேங்க் மேல் ஒட்டிக் கொடுங்கள்: ஆயில் விகிதம், எந்த ஆயில், பிளக் எண், ஜெட் எண்கள், கியர் ஆயில் அளவு, டயர் காற்று, ஸ்டார்ட் செய்யும் முறை. ஆமணக்கு ஆயில் போட்டு ஓட்டிய இன்ஜின் என்றால், மினரல் ஆயிலை அதோடு கலக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். புதுப்பித்த பின் அதிகம் ஓடாத வண்டி என்றால், முதல் ஓட்டத்துக்குப் பிறகு சிலிண்டர் ஹெட் நட்டுகளையும் ஸ்போக்குகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றி வைத்திருந்த பழைய பாகங்கள், மிஞ்சிய கேஸ்கெட், வண்டிக்கென்றே வாங்கிய புல்லர் (பாகங்களை இழுத்துக் கழற்றும் கருவி) எல்லாம் ஒரு பெட்டியில் போகட்டும். ஃபைலின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வாங்கியவர் ஒரு சந்தேகத்தோடு பிறகு கூப்பிட்டால் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.